கதவில்லாத வீடு – அத்தியாயம் 9: மார்லீன் கொடுத்த பட்டயம்

பிள்ளைகளின் வீட்டுப் படிப்பைச் சோதிக்க மதிப்பீட்டாளர் வருகிற அன்று வீட்டில் வெங்காயம் வதக்கக் கூடாது என்பது மார்லீன் போட்ட சட்டம். "அந்த வாசனையிலயே பாதி மார்க் போயிடும்" என்பாள். அவள் இறந்து ஏழு மாதமாகியும் அந்தச் சட்டத்தை ரத்து செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அவள் கணவன் டுவைட் ஷூப் விடிந்ததும் வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்துக்குப் போனான்.

அங்கே சுவரோரமாக வீட்டின் கதவுகள் நின்றன. படுக்கையறைக் கதவுகள், குளியலறைக் கதவு, துணி அலமாரியின் கதவுகூட. எல்லாம் அவனே கழற்றியவை.

ஏன் என்பது இந்தக் குடும்பத்தோடு முதலிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும். சத்தம் கூடினால் தாங்க முடியாமல் அலறுகிற பிள்ளை சைலஸ். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பள்ளியில் 'அமைதி அறை' என்று ஒரு பொந்துக்குள் அவனை விட்டு, வெளியே ஒரு ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் பிள்ளை வீடு திரும்பியபோது விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. மறுநாளே மார்லீன் அவனையும் அக்கா கெசியாவையும் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டாள். இனி வீட்டிலேயே பாடம் நடத்துவதாக நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கல்வி அலுவலகத்துக்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்தாள். சாப்பாட்டு மேசை பள்ளிக்கூடமானது. மூடிய கதவைப் பார்த்தாலே சைலஸுக்கு உடம்பு நடுங்கியது. டுவைட் திருப்புளியை எடுத்தான்.

நவம்பரில் மார்லீனை ரத்தத்தில் வந்த ஒரு நோய் மூன்றே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த கையோடு டுவைட் அதே நோட்டரியிடம் போய், "இனி பொறுப்பாளர் நான்" என்று புதுப் பிரமாணப் பத்திரம் கொடுத்தான். காலையில் மரமறுக்கும் ஆலையில் ரம்பங்களுக்குக் கூர் வைப்பான். மதியத்துக்குமேல் மரத்தூளை உதறிவிட்டு மேசையில் உட்கார்ந்து பின்னக்கணக்கு சொல்லிக் கொடுப்பான்.

சென்ற வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது அல்லவா? வியாழன் காலை ஒன்பது மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. இன்று புதன்.

அவன் திரும்பி வந்தபோது கெசியா மேசைமேல் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. அம்மாவைப் போலவே பென்சிலைக் கொண்டையில் செருகும் பழக்கம்.

"நாளைக்கு எதுக்குப்பா கூப்பிடறாங்க?"

"தடுப்பூசிச் சீட்டு எதாச்சும் விட்டுப்போயிருக்கும்."

"அதுக்கு ஏன் நேர்ல?"

"அந்த ஆபீஸ்காரங்களுக்கும் பொழுது போகணுமில்ல?"

கெசியா சிரிக்கவில்லை. "சட்டைய மாத்துங்க. காலர்ல கிரீஸ்."

---

கோனி ரிட்னரின் பழைய கார் பத்து மணிக்கு ஓடைப் பாலத்தைத் தாண்டி வந்தது. முப்பது வருஷம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் படிக்கும் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்து, கோப்பைப் புரட்டி, படிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று எழுதிக் கொடுப்பது இப்போது அவர் வேலை. அந்த எழுத்து ஜூன் முடிவதற்குள் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

"மார்லீன் இருந்தா எனக்குன்னு காபியில உப்புக்கல்லு ஒண்ணு போடுவா" என்றபடியே உள்ளே வந்தார். "நீ போட்டிருக்கியா டுவைட்?"

"மறந்துட்டேன் மேடம்."

"நல்லதாப் போச்சு. அத நான் ஒருநாளும் விரும்பிக் குடிச்சதில்ல. அவகிட்ட சொல்லத் தைரியம் வரல."

முதலில் கெசியா. இயற்கணிதம், மாநில வரலாறு, அவள் எழுதிய கட்டுரைகள். கோனி ஒரு கட்டுரையை எடுத்து இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். டுவைட்டுக்குத் தெரியும், அது எந்தக் கட்டுரை என்று. மருத்துவமனை ஜன்னலில் தெரிந்த வாகன நிறுத்தத்தைப் பற்றி அவள் எழுதியது. அம்மாவைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்து சைலஸ். அவன் மேசைக்கு அடியில் உட்கார்ந்துதான் பேசுவான். கோனிக்கு அது பழக்கம். முழங்கால் வலியையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தீப் பாதுகாப்பு பத்தி என்ன படிச்சே? சட்டத்துல அது கட்டாயம்டா கண்ணு. நான் கேட்டே ஆகணும்."

"மூடின கதவ டக்குனு தொறக்கக் கூடாது. பொறங்கையால தொட்டுப் பாக்கணும். சூடா இருந்தா அந்தப் பக்கம் தீ."

"ஏன் பொறங்கை? உள்ளங்கையால தொட்டா என்னவாம்?"

"உள்ளங்கை வெந்துட்டா அப்புறம் தவழ முடியாது. எதையும் பிடிக்கவும் முடியாது."

"அட! யார் சொல்லிக் குடுத்தா?"

"அப்பா. அப்பா தீயணைப்புப் படையில தொண்டு செய்றாரு. அடுப்புக் கதவுல கைய வெச்சுக் காட்டினாரு. ராத்திரி தூங்கும்போது கதவ மூடிட்டுத் தூங்கணும், தீ மெதுவா வரும்னும் பாடத்துல இருக்கு." சைலஸ் கொஞ்சம் யோசித்தான். "எங்க வீட்டுல அது முடியாது மேடம். எங்க வீட்டுல தீ வந்தா எல்லா ரூமுக்கும் ஒரே நேரத்துல வந்துரும். அதனால நாங்க பத்த வைக்காம இருக்கோம்."

கோனி வாய்விட்டுச் சிரித்தார். மேசைக்கு அடியிலிருந்து சைலஸும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று டுவைட் நினைத்தான்.

ஏழு மாதத்தில் முதல்முறையாக அவனுக்குப் பசித்தது. கெசியா செய்த ஸ்ட்ராபெர்ரி கேக்கில் ஒரு துண்டை வெட்டிக் கோனிக்குக் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

"இந்த வருஷம் நான் பாத்ததுலயே நல்ல கோப்பு இதுதான்" என்றார் கோனி. "சும்மா சொல்லல. இவனோட வாசிப்பு ரெண்டு வகுப்பு தாண்டிப் போயிருக்கு. அவ இருந்தா..." நிறுத்திக்கொண்டார். தட்டை வைத்துவிட்டு எழுந்து, கை கழுவத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார்.

அங்கேதான், பாத்திர அலமாரிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் மாட்டியிருந்தது.

கோனி ஈரக் கையோடு அண்ணாந்து படித்தார். பிறகு குளியலறைத் திரைச்சீலையையும், கதவில்லாத நிலைகளையும், டுவைட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"இது என்ன டுவைட்?"

"என் பட்டயம் மேடம்."

---

தங்க எழுத்தில் இருந்தது. 'ஷூப் வீட்டுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை மிகச் சிறப்பாக முடித்தமைக்காக டுவைட் ஷூப்புக்கு வழங்கப்படுகிறது. தலைமையாசிரியர் மார்லீன் ஷூப்.' கீழே பொன்னிறத் தகட்டில் ஒரு முத்திரை.

டுவைட் பதினோராம் வகுப்போடு நின்றவன். அப்பாவின் கையை ரம்பம் கொண்டுபோன வருஷம், ஆலையில் அந்த இடத்துக்கு அவன் போனான். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான தகுதிக்கு அரசாங்கம் வைக்கிற பரிட்சையை முப்பது வயதில் ஒருதரம் எழுதினான். கணக்கில் தேறினான், அறிவியலில் தேறினான். கட்டுரையில் விழுந்தான். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மார்லீனிடம் கேட்டுக்கொண்டான்.

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பித்த முதல் குளிர்காலத்தில், சாப்பாடு முடிந்ததும் மார்லீன் அவனையும் அதே மேசையில் உட்கார வைத்தாள். பிள்ளைகள் பகல் வகுப்பு, புருஷன் சாயங்கால வகுப்பு. பனி உருகுவதற்குள் அவன் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டான். அவளுக்கு மட்டும் காட்டுகிற கட்டுரைகள். வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு விழாவே வைத்தாள். கெசியா பட்டத்துக்கான தொப்பியை அட்டையில் செய்து கொடுத்தாள்.

"இப்ப போய் அரசாங்கப் பரிட்சைய எழுதிடு" என்றாள் மார்லீன்.

"நீ கையெழுத்துப் போட்டதுக்கு மேல எனக்கு என்ன அரசாங்கம்?" என்றான் அவன். பாத்திரம் துடைக்கிற துணியால் அவள் அவன் தலையில் அடித்தாள்.

வீட்டில் படித்த பிள்ளைக்குப் பெற்றவளே பட்டயம் கொடுக்கலாம். பென்சில்வேனியாவில் அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. கெசியாவுக்கும் ஒருநாள் மார்லீன் கொடுக்க வேண்டியது அது. அதே மேசை, அதே தலைமையாசிரியர். தன்னுடையது மட்டும் செல்லாமல் போகலாம் என்று நவம்பரில் டுவைட் யோசிக்கவில்லை. நவம்பரில் அவன் எதையுமே யோசிக்கவில்லை.

"பள்ளிப்படிப்பு முடிச்சதுக்கு ஆதாரம் கேட்டிருப்பாங்களே" என்றார் கோனி. குரல் இறங்கியிருந்தது. "என்ன குடுத்தே?"

"இதத்தான். நூலகத்துல நகல் எடுத்துக் குடுத்தேன்."

"கெசியா, தம்பியக் கூட்டிக்கிட்டு ஓடைப் பக்கம் போயிட்டு வாம்மா."

பிள்ளைகள் போனார்கள். முற்றம் வரை போனார்கள் என்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம், ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது.

"திங்கக்கிழமை அந்த ஆபீஸ்ல இருந்து எனக்குப் போன் பண்ணினாங்க" என்றார் கோனி. "'ஷூப் வீட்டுப் பள்ளின்னு ஒண்ணு எங்க இருக்கு, உங்களுக்குத் தெரியுமா'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. ஏதோ பிள்ளைங்க சமாசாரம்னு விட்டுட்டேன். இப்பதான் புரியுது."

"பெத்தவங்க குடுக்கலாம்னு சட்டம் இருக்கே மேடம்?"

"பிள்ளைக்குக் குடுக்கலாம் டுவைட். அதுக்கும் என்னை மாதிரி ஒருத்தரோட கையெழுத்தும் வேணும். புருஷனுக்கு எப்படிக் குடுக்க முடியும்? பன்னெண்டாவது முடிச்சவங்கதான் பொறுப்பாளரா இருக்கலாம். நீ முடிச்சதா சத்தியம் பண்ணியிருக்க."

"முடிச்சேனே." அவனுக்கே தன் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போலக் கேட்டது. "அந்த மேசையிலதான் முடிச்சேன். ஒரு குளிர்காலம் பூரா."

"எனக்குத் தெரியும்ப்பா."

"இந்த வசந்தத்துல மறுபடி பரிட்சைக்குப் போனேன். கட்டுரைன்னு வந்ததும் கை ஓடல. எழுதினா வாங்கிப் பாக்க ஆள் இல்லையே. வெள்ளத்தாளக் குடுத்துட்டு வந்தேன்."

கோனி அவன் கைமேல் கை வைத்தார். "திரும்பிப் போ. எழுது. ஆனா அதுல நீ பாஸ் பண்ணினாலும் நவம்பர்ல சொன்னது சொன்னதுதான். நாளைக்கு வக்கீல் இல்லாம போகாத."

"பிள்ளைங்களுக்கு?"

"படிப்பு நடந்திருக்குன்னு நான் எழுதித் தருவேன். அது உண்மை. கண்ணால பாத்தேன். ஆனா ஒருதரம் பொய்ச் சத்தியம் பண்ணினவன்னு ஆன பிறகு வர்ற வருஷத்துப் பத்திரத்துல உன் பேர ஏத்துக்க மாட்டாங்க. தகுதியுள்ள பொறுப்பாளர் இல்லன்னா ஆகஸ்டு கடைசியில பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போயாகணும்."

"இணையப் பள்ளி?"

"இந்தப் பள்ளத்தாக்குலயா? எனக்கு இங்க போன் பேசவே பாலத்துக்குப் போகணும்."

கோனி காரில் ஏறும்போது கேக் தட்டை மறந்துவிட்டுப் போனார். அதில் பாதித் துண்டு அப்படியே இருந்தது.

---

பெவர்லி மதியத்துக்குமேல் வந்தாள். மார்லீனின் அக்கா. பிட்ஸ்பர்க்கில் பல் மருத்துவர் ஒருவரின் அலுவலகத்தைக் கட்டி ஆள்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'தங்கச்சிக்கு வேற மாப்பிள்ளையே கிடைக்கலையா' என்று கல்யாணத்தன்றே டுவைட்டின் காதுபடச் சொன்னவள். தங்கை படுத்திருந்த மூன்று வாரமும் மருத்துவமனை நாற்காலியைவிட்டு நகராதவளும் அவள்தான்.

இரண்டு நாளாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வந்து உட்கார்ந்ததும் டுவைட் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்க இனி என்ன இருக்கிறது?

பெவர்லி அண்ணாந்து பட்டயத்தைப் பார்த்தாள்.

"அந்தத் தங்க முத்திரை நான் வாங்கிட்டு வந்தது. கல்யாணப் பத்திரிகைக் கவர்ல ஒட்டுறதுக்கு விப்பாங்க." உதடு துடித்தது. "அதப் போய் நகல் எடுத்து கவர்மெண்டுக்கு அனுப்பினியா? உனக்குப் பன்னெண்டாவது என்ன, மழலையர் வகுப்பு சர்டிஃபிகேட்டே குடுத்திருக்கக் கூடாது."

"சொல்லுங்க பெவ். இன்னிக்கு என்ன வேணா சொல்லுங்க."

"சொல்லி என்ன? அவ நம்பிக்கையா எழுதிக் குடுத்தா. நீயும் நம்பிட்டே. ஒரு வீட்டுல ரெண்டு பைத்தியம் இருந்தா இப்படித்தான்." கைப்பையைத் திறந்து காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஆபீஸ்ல கூப்பிட்டாங்கன்னதுமே எனக்குச் சந்தேகம், என் வக்கீல்கிட்ட எழுதி வாங்கினேன். பெத்தவங்களோ, சட்டப்படி பிள்ளைங்க யார் பொறுப்புல இருக்காங்களோ அவங்களோ பாடம் நடத்தலாம். என்கிட்ட நெஜமான பன்னெண்டாவது சர்டிஃபிகேட் இருக்கு. பிள்ளைங்கள என் பொறுப்புல விட நீ சம்மதிச்சு கையெழுத்துப் போடு. கோர்ட்டுல குடுக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல சைலஸ் கால் வைக்க வேண்டியதில்ல."

டுவைட்டுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. "பேப்பர்ல உங்க பேரு. பிள்ளைங்க இங்கயே இருந்துக்கலாம். நான் மதியம் மதியம்..."

"இல்ல."

"பெவ்."

"அவங்க என் வீட்டுலதான் படுக்கணும், டுவைட். ஜட்ஜ் கேப்பாரு, பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு. நான் பொய் சொல்லமாட்டேன். இந்த வீட்டுக்கு ஒரு பொய் போதும்."

"நாலு மணி நேரம் தள்ளி இருக்கு உங்க வீடு."

"சனி, ஞாயிறு வந்து பாரு. வேணாம்னா சொன்னேன்? அந்த அறையில ஒருதரம் அவன விட்டாங்க. மறுபடி விடமாட்டாங்கன்னு உன்னால எழுதிக் குடுக்க முடியுமா? அதுக்கும் ஒரு தங்க முத்திரை ஒட்டுவியா?"

இந்தப் பெண் தன்னைக் குத்துவதற்காகப் பேசவில்லை என்று டுவைட்டுக்குத் தெரிந்திருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை.

மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பெரியம்மா, உங்க வீட்டுல எத்தன கதவு?"

இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். அவன் எப்போது வந்து உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. கதவில்லாத வீட்டில் ரகசியம் தங்குவதில்லை.

பெவர்லி குனிந்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "உள்ள இருக்கற கதவு ஒண்ணையும் மூடமாட்டோம்டா செல்லம். உங்கப்பா மாதிரி நானும் கழட்டிப் போட்டுடறேன்."

"வெளிக்கதவு?"

"அது... டவுனுடா. வெளிக்கதவ மூடித்தான் ஆகணும். பூட்டவும் பூட்டணும்."

"எத்தனாவது மாடி?"

"நாலாவது. லிஃப்ட் வேணாம், படியேறியே போலாம். நானும் உன்கூட ஏறுவேன். எனக்கும் எடை குறையும்."

சைலஸ் சிரிக்கவில்லை. "லிஃப்டும் ஒரு அறைதான்" என்று மட்டும் சொன்னான். எழுந்து வெளியே போய்விட்டான்.

வாசலில் நின்றுகொண்டிருந்த கெசியா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். "அப்பாவ ஜெயில்ல போடுவாங்களா பெரியம்மா?"

"சேச்சே. அபராதம் போடுவாங்க, கத்துவாங்க. அவ்வளவுதான்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறீங்களா?"

பெவர்லி எழுந்து பையை எடுத்தாள். "நான் டவுன்ல ஓட்டல்ல தங்கறேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வர்றேன், டுவைட். நீ அந்த ஆபீசுக்குப் போகும்போது கையில பதில் ஒண்ணு இருக்கட்டும். வெறுங்கையோட போனா அவங்க சொல்றதுதான் சட்டம்." பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்தாள். நிலையடியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அவ குடுத்தது நல்ல பட்டயம்தான். நீ எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கா."

---

சாயங்காலம் டுவைட் வெங்காயக் கூடையை எடுக்கக் களஞ்சியத்துக்குப் போனான். இனி வதக்கினால் என்ன?

சைலஸ் அங்கே இருந்தான். கதவுகளின் முன்னால் நின்றுகொண்டு, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க என்னடா பண்றே?"

"இது எந்த ரூமோடது?"

"குளியலறை."

"அது சின்ன ரூம்." பிள்ளை அதன் கைப்பிடியைப் பார்த்தான். "இத மாட்டுப்பா."

"எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கதவு. பெரியம்மா வீட்டுக்குப் போனாலும் கதவு. நான் பழகிக்கணும். இன்னும் ஜூலை இருக்கு, ஆகஸ்டு இருக்கு."

"வேணாம்டா."

"பாடம் நடத்துறது நீதானே? இதையும் நடத்து."

டுவைட் கதவைத் தோளில் சாய்த்துத் தூக்கினான். புரட்டியபோது உள்பக்கக் கொக்கியில் மார்லீனின் நீல நிறத் தலைமுடிப் பட்டை தொங்குவதைப் பார்த்தான். கழற்றிய அன்று அவள் எடுக்க மறந்தது. அதை அப்படியே விட்டான். வீட்டுக்குள் கொண்டுபோய், திரைச்சீலையை அவிழ்த்துப் போட்டு, கீல்களில் ஆணியை இறக்கினான். கெசியா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் முன்னால் காகிதமும் பேனாவும் அப்படியே கிடந்தன.

சைலஸ் உள்ளே போய்க் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"நான் தட்டுவேன். தட்டினா தொற."

"சரி."

"தட்டுறதுக்கு முன்னாடி தொறக்கக் கூடாது. அங்க அவங்க தொறக்கல. அதனால நீயும் தொறக்கக் கூடாது."

"சைலஸ்."

"சத்தியம் பண்ணு."

இந்த வீட்டில் சத்தியம் என்ற சொல்லுக்கு இன்று என்ன விலை என்று டுவைட்டுக்குத் தெரியும். இருந்தும் பண்ணினான். கதவை மூடினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கதவு நிலையில் போய்ப் பொருந்துகிற ஓசை கேட்டது.

உள்ளே பிள்ளை பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினான். "மூடின கதவ டக்குனு தொறக்கக் கூடாது. பொறங்கையால தொட்டுப் பாக்கணும். சூடா இருந்தா..." குரல் ஏறியது. சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிறகு குரல் நின்றது.

"அப்பா" என்றாள் கெசியா.

"அவன் தட்டல."

"அப்பா, தொற."

டுவைட் புறங்கையைப் பலகைமேல் வைத்தான். மரம் குளிர்ந்திருந்தது. உள்ளே, கீழே, தரைக்குப் பக்கத்தில், மெல்லிய ஓசை ஒன்று. மரத்தின் வழியாக அது அவன் எலும்புக்கு வந்தது. நகத்தின் ஓசை.

அவன் திறந்துவிட்டான்.

சைலஸ் தரையில் இருந்தான். வலது கையின் இரண்டு விரல்களில் ரத்தம். முகமெல்லாம் வேர்வை. டுவைட் அவனைத் தூக்கக் குனிந்தான். பிள்ளை அவன் கையைத் தட்டிவிட்டான்.

"நான் தட்டவே இல்லையே! ஏன் தொறந்தே?"

"போதும்டா கண்ணு."

"நீ தொறந்தா நான் எப்படிப் பழகுவேன்? ஆகஸ்டு வந்தா நீ அங்க இருக்கமாட்டே." சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். முதுகை நிமிர்த்தினான். "மறுபடி மூடு."

கெசியா மேசையிலிருந்து எழுந்துவிட்டாள். பேனா உருண்டு தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மூடுப்பா."

டுவைட் கதவை மூடினான். இந்த முறை புறங்கையைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.